ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போன்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

உள்ளங்கை அகலமே உள்ள ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர்கள் இப்போது பலரிடம் இருக்கின்றன. இரவில் பிறர் தூக்கம் கெடாமல் கேட்க வேண்டும் என்று வரும்போது, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதே முனைகளில் ஹெட்போனை இணைத்தால் என்ன என்ற யோசனை வரும். இணைக்க முடியும். ஆனால் நேராக இணைத்தால் குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், முழு வால்யூமில் ஏறக்குறைய 9 வோல்ட் வெளியிடுகிறது. அதே 9 வோல்ட் 32 ஓம் ஹெட்போனுக்குள் போனால் சுமார் 2.5 வாட். பெரும்பாலான ஹெட்போன்கள் ஒரு மில்லிவாட்டிலேயே 100 டெசிபல் அளவுக்கு ஒலிக்கக் கூடியவை. மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இரண்டுதான். ஒன்று இந்த மிகை ஆற்றல். இன்னொன்று கம்பிகளின் எண்ணிக்கை: ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் நான்கு முனைகள், ஹெட்போன் பிளக்கில் மூன்றே பகுதிகள். நுனி இடப்பக்கம், நடு வளையம் வலப்பக்கம், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான மைனஸ். நான்கை மூன்றாக்கும் இடத்தில்தான் ஆம்ப்ளிஃபயர்கள் எரிகின்றன.

எந்தச் சோதனையையும் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு செய்யாதீர்கள். மேசையில் வைத்து, வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மெல்லக் கூட்டிப் பாருங்கள். கைவசம் பழைய ஹெட்போன் ஒன்று இருந்தால் முதல் பலி அதுவாக இருக்கட்டும்.

ஹெட்போனை இணைத்ததும் ஆம்ப்ளிஃபயர் சூடாகிறது, விட்டுவிட்டு ஒலிக்கிறது அல்லது நின்றே போகிறது

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இந்தப் பட்டியலில் அவசரமான கோளாறு இது ஒன்றுதான்.

இடப்பக்க மைனஸையும் வலப்பக்க மைனஸையும் முறுக்கி ஒன்றாக்கி, பிளக்கின் அடிப்பகுதியில் இணைத்திருப்பீர்கள். பழைய பாணி ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் அது சரி, ஏனென்றால் அவற்றில் இரண்டு மைனஸும் உள்ளேயே ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் மின்சாரத்தை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியை உருவாக்கும் இன்றைய சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் இயங்குபவை. டிபிஏ 3116, பிஏஎம் 8403 போன்ற ஐசிகள் (சிப்புகள்) உள்ள போர்டுகள் இந்த வகை. இவற்றில் மைனஸ் என்று எழுதியிருக்கும் முனை உண்மையில் மைனஸ் அல்ல. பிளஸ் முனை மேலே போகும்போது அது கீழே போகிறது, பிளஸ் இறங்கும்போது அது ஏறுகிறது. இரண்டும் உயிருள்ள வெளியீடுகள். இடப்பக்கத்தின் ஒரு வெளியீட்டையும் வலப்பக்கத்தின் ஒரு வெளியீட்டையும் சேர்த்துக் கட்டினால் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பாதுகாப்புச் சுற்று உள்ள ஐசி நின்றுவிடும். அது இல்லாதது புகையும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். மின்சாரம் இல்லாத நிலையில், ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு மைனஸ் முனைகளுக்கு இடையிலான தடையை அளந்து பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் அவை ஒன்றாக இணைந்தவை. பிறகு ஸ்பீக்கர்களை மாட்டி, மின்சாரம் கொடுத்து, பாட்டு எதுவும் ஓடாத நிலையில், அடாப்டரின் மைனஸுக்கும் ஸ்பீக்கர் மைனஸுக்கும் இடையே டிசி (ஒரே திசை மின்சாரம்) வோல்ட்டை அளவிடுங்கள். பூஜ்ஜியம் என்றால் சாதாரண வகை. 12 வோல்ட் அடாப்டரில் 6 வோல்ட் அளவுக்கு, அதாவது பாதியை ஒட்டி ஏதாவது காட்டினால் பிரிட்ஜ் வகை. சில ஐசிகளில் பாதியைவிடக் குறைவாகவும் காட்டும். வோல்ட் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அளக்கும்போது மீட்டர் கம்பியின் நுனி வழுக்கி அடுத்த முனையைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்க வந்த கோளாறை நாமே உண்டாக்கிவிடக் கூடாது.

பிரிட்ஜ் வகை என்று தெரிந்தால் வழிகள் மூன்று.

முதலாவது, மைனஸ் முனைகளைத் தொடாமலே விட்டுவிடுவது. ஒவ்வொரு பக்கத்தின் பிளஸ் முனையிலிருந்தும், டிசியைத் தடுக்க 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, அதன் பிளஸ் கால் ஆம்ப்ளிஃபயரை நோக்கி இருக்க வேண்டும். அடுத்து, பின்னால் சொல்லப்போகும் ரெசிஸ்டர்கள். ஹெட்போனின் பொது மைனஸ் அடாப்டரின் மைனஸுக்குப் போகும். கெப்பாசிட்டரின் வோல்ட் அளவு அடாப்டரின் வோல்ட்டைவிடக் கூடுதலாக இருக்கட்டும். இது வேலை செய்யும், ஆனால் பிரிட்ஜின் ஒரு பாதியை மட்டும் கேட்பதால் அடாப்டரின் அழுக்கும் சேர்ந்து காதுக்கு வரும். பிஏஎம் 8403 போல வெளியீட்டில் மீயொலியை வடிகட்டும் ஃபில்டர் இல்லாத போர்டுகளில் இதைச் செய்ய வேண்டாம். அவற்றின் மீயொலி அதிர்வெண் நேராகக் கம்பியில் ஏறி, ஹெட்போன் கம்பியே ஆன்டெனாவாகிவிடும்.

இரண்டாவது, ஹெட்போனையே நான்கு கம்பியாக்குவது. இரு காதுகளுக்கும் தனித்தனி பிளஸ், தனித்தனி மைனஸ். கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய ஹெட்போன்களில் இது எளிது. மற்றவற்றில் கிண்ணத்தைத் திறந்து பற்றவைக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு, அதற்குள் நுழையும் சிக்னலைப் பிரித்துச் சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குக் கொடுப்பது. என்னைக் கேட்டால் பிரிட்ஜ் வகைக்கு இதுதான் சரியான வழி. மற்ற இரண்டும் பற்றவைப்பதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு.

சத்தமே வரவில்லை

செருகிய ஓட்டை வெளியீடுதானா என்று பாருங்கள். சிறிய ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை பெரும்பாலும் உள்ளீடு. ஃபோனிலிருந்து பாட்டைக் கொண்டுவருவதற்கானது. ஹெட்போன் பிளக் அதில் அழகாகப் பொருந்தும், சத்தம்தான் வராது. ஓட்டையின் அருகே ஹெட்போன் படம் இருந்தால் வெளியீடு. ஆக்ஸ் என்றோ இன் என்றோ எழுதியிருந்தால் உள்ளீடு. எதுவும் இல்லையென்றால் உள்ளீடு என்றே கொள்ளுங்கள்.

ஓட்டை சரிதான் என்றால் பிளக்கை இன்னும் அழுத்திப் பாருங்கள். ஃபோன் உறை தடித்திருப்பதால் பிளக் பாதியில் நிற்பதுபோல, ஆம்ப்ளிஃபயரின் உலோக முகப்பு தடித்திருந்தாலும் பிளக் முழுதாக உள்ளே போகாது. அதன் பிறகும் அமைதி என்றால், அதே ஹெட்போனை நேராக ஃபோனிலோ கணினியிலோ செருகிக் கேளுங்கள். அங்கே கேட்டால் ஹெட்போன் நல்லது.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

உள்ளீட்டில் இடது, வலது கம்பிகளை இடம் மாற்றுங்கள். ஊமையான காதும் மாறினால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், அதாவது கம்பியிலோ ஃபோனிலோ இருக்கிறது. மாறாமல் அதே காது ஊமையாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர், ஜாக் (பிளக்கைச் செருகும் ஓட்டை), ஹெட்போன் மூன்றில் ஒன்று.

அடுத்து பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் ஒன்றே ஒன்று இருந்தால் அது மோனோ பிளக். 6.3 மில்லிமீட்டரிலிருந்து 3.5-க்கு மாற்றும் இணைப்புகளிலும் மோனோ வகைகள் கலந்து கிடக்கின்றன. பார்வைக்கு வேறுபாடு அந்த ஒரு வளையம்தான். மோனோ பிளக்கின் நீண்ட அடிப்பகுதி, வலப்பக்கத் தொடர்பை மைனஸோடு சேர்த்துவிடும். காது ஊமையாவதோடு நிற்காமல் ஆம்ப்ளிஃபயரின் ஒரு பக்கம் ஷார்ட் ஆகிறது என்பதால் இதை அலட்சியமாக விடக் கூடாது.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து நுனிக்கும் அடிக்கும் இடையே, பிறகு வளையத்துக்கும் அடிக்கும் இடையே தொட்டால், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். தொடும் நொடியில் அந்தக் காதில் சிறிய கிளிக் கேட்கும். எண் வராத பக்கத்தில் கம்பி அறுந்திருக்கிறது. பிளக்கின் கழுத்தில்தான் முதலில் தேடுங்கள். அங்கேதான் கம்பி அதிகம் வளைகிறது.

இதில் ஒரு விசித்திர வகையும் உண்டு: இடது காது சரியாக இருக்கும், வலது காதில் இரண்டு பக்கமும் கலந்து கேட்கும். பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பிளஸ்களையும் எடுத்து, இடப்பக்க மைனஸை மட்டும் பொது மைனஸாக வைத்தால் இப்படி ஆகும். எதுவும் எரியாது. ஆனால் ஸ்டீரியோ போய்விடும். முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

இசைக்கருவிகள் கேட்கின்றன, பாடகர் குரலைக் காணோம்

கேட்பவர்களை மிகவும் குழப்புவது இது. பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும், குரல் எங்கோ கரைந்துபோயிருக்கும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

காரணம் பொது மைனஸ் துண்டிக்கப்பட்டிருப்பது. திரும்பிப் போக வழியில்லாததால் மின்னோட்டம் ஒரு காதின் வழியே மறு காதுக்குள் ஓடுகிறது. அப்போது காதில் விழுவது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. பாடல் பதிவுகளில் குரலை நட்டநடுவில், இரு பக்கமும் சமமாக வைப்பது வழக்கம். சமமானதைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

மைக் உள்ள ஹெட்போனா? பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கின்றனவா? அப்படியானால் மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் நோய் உறுதியாகிவிட்டது: ஜாக்கின் மைனஸ் தொடர்பு, பிளக்கின் மைனஸ் பகுதியைத் தொடாமல் மைக் பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பிளக்கை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரத் தீர்வு, நான்கு பகுதி பிளக்கை மூன்று பகுதியாக மாற்றித் தரும் சிறிய இணைப்புக் கம்பி. மைக் இல்லாத ஹெட்போனிலும் குரல் காணாமல் போனால், ஜாக்கின் மைனஸ் காலில் பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வால்யூம் பூஜ்ஜியத்தில் இருந்தும் "உஸ்" என்ற இரைச்சல். குமிழைத் தொட்டாலே அலறல்

இவை இரண்டு கோளாறுகள் போலத் தெரிந்தாலும் மருந்து ஒன்றுதான்.

வால்யூம் குமிழ், ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது. அதற்குப் பின்னால் ஐசி தானாக உண்டாக்கும் இரைச்சலைக் குறைக்க அதனால் முடியாது. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் காதுக்கு எட்டுவதில்லை. காதோடு ஒட்டியிருக்கும் ஹெட்போனில் அது மழைச் சத்தமாகக் கேட்கும். குமிழைத் திருப்பும்போது இரைச்சலும் கூடிக் குறைந்தால் அது ஃபோனிலிருந்தோ கணினியிலிருந்தோ வருகிறது. அப்போது அங்கே வால்யூமைக் கூட்டி இங்கே குறையுங்கள். திருப்பியும் மாறாமல் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல்.

அதை அடக்க வெளியீட்டுக்குப் பின்னால் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பிளஸ் முனையிலிருந்து 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று தொடராக வந்து ஹெட்போனின் பிளஸைச் சேரட்டும். ஹெட்போனின் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 10 ஓம் ஒன்று. 32 ஓம் ஹெட்போனில் இது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்து 23 டெசிபல் இறக்கும். 10 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வால்யூமில் அலறினாலும் ஹெட்போனுக்குச் சேர்வது சுமார் 12 மில்லிவாட். அதுவே காதுக்கு மிக அதிகம், ஆனால் ஹெட்போன் பிழைக்கும்.

இந்த எண்கள் சாதாரண வகை ஆம்ப்ளிஃபயருக்கு. நான்கு கம்பி ஹெட்போனைப் பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயரில் இணைப்பவர்கள் 100 ஓமை இரண்டாகப் பிரித்து, பிளஸில் 47, மைனஸில் 47 என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் போதும், அதற்குப் பதிலாக வேறு சுமை பொதுவாகத் தேவையில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் மட்டும் விலக்கு. அதன் டிரான்ஸ்ஃபார்மர் எதிர்பார்க்கும் 8 ஓம் சுமை எப்போதும் இருக்க வேண்டும், அதைத் தனி ரெசிஸ்டராகத் தாராளமான வாட்டில் கொடுங்கள்.

குமிழ் விஷயத்துக்கு வருவோம். ரெசிஸ்டர் இல்லாதபோது குமிழின் முதல் கோட்டிலேயே காது வலிக்கும், அந்தத் தொடக்கப் பகுதியில் ஒரு காது கூடுதலாகவும் மறு காது குறைவாகவும் ஒலிக்கும். குமிழுக்குள் இரு பக்கத்துக்கும் இரண்டு தனித் தடங்கள் இருக்கின்றன. மலிவான குமிழ்களில் தொடக்கத்தில் அவை ஒத்துப்போவதில்லை. 23 டெசிபல் இறக்கிவிட்டால் குமிழை நடுப்பகுதியில் வைத்துக் கேட்கலாம், அங்கே இரண்டும் சமமாகிவிடும்.

"ம்ம்ம்" என்ற உறுமல் அல்லது கீச்சுச் சத்தம்

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரின் அடாப்டரும் மைனஸ் வழியாகச் சுற்றுப்பாதை ஒன்றை உண்டாக்கியிருக்கின்றன. உள்ளீட்டுக் கம்பியின் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சுற்று அறுந்துவிடும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டி இதைச் சரிசெய்யச் சொல்பவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். கேட்காதீர்கள். அந்தப் பின் இருப்பது உங்கள் உயிருக்காக.

கணினியில் மவுஸை நகர்த்தும்போது மாறும் கீச்சுச் சத்தம் என்றால், ஆம்ப்ளிஃபயருக்குக் கணினியின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கலாம். தனி அடாப்டர் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கேட்டாலும் உறுமல் இருந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதே வோல்ட் உள்ள பேட்டரி ஒன்றில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆன் செய்யும்போது "டப்"

கெப்பாசிட்டர் நிரம்பும் சத்தம் அது. 100 ஓம், 10 ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால் ஹெட்போனுக்கு ஆபத்தில்லை, காதுக்குத்தான் எரிச்சல். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து சில நொடிகள் கழித்து ஹெட்போனைச் செருகுங்கள். அணைக்கும்போது முதலில் ஹெட்போனைப் பிடுங்குங்கள். பிளக் உள்ளே நுழையும்போது அதன் பகுதிகள் ஜாக்கின் தொடர்புகளை ஒரு கணம் ஷார்ட் செய்வது இயல்பு. 100 ஓம் இருப்பதால் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்கும். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைத்தவர்கள் ஆன் செய்த நிலையில் செருகவே கூடாது.

"டப்" சத்தத்தோடு ஹெட்போனின் சவ்வு ஒரு பக்கமாக நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் கதை வேறு. பாட்டு ஓடாதபோது ஹெட்போன் ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையே டிசியை அளவிடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை. 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஹெட்போனை அதில் மாட்டாதீர்கள். ஆம்ப்ளிஃபயரிலோ கெப்பாசிட்டரிலோ கசிவு இருக்கிறது.

சத்தம் வருகிறது, ஆனால் ஒலியின் தன்மை மாறிவிட்டது

தாழ்ந்த ஒலிகள் மெலிந்துபோனால் கெப்பாசிட்டர் சிறியது. 10 மைக்ரோஃபாரட்டை 32 ஓம் ஹெட்போனோடு நேராக இணைத்தால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். அதாவது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முழுக்கப் போய்விடும். 220 மைக்ரோஃபாரட்டை 100 ஓமுக்கு முன்னால் வைத்தால் அந்த எல்லை 10 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும்.

மாறாக, தாழ்ந்த ஒலி வீங்கி, குழைந்து கேட்டால், குறுக்கே 10 ஓம் வைக்காமல் 330 ஓம் போன்ற பெரிய ரெசிஸ்டரைத் தொடராக மட்டும் வைத்திருப்பீர்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் கம்பெனிகளே இப்படித்தான் செய்தன. அது ஹெட்போனைக் காப்பாற்றும், ஆனால் பல ஹெட்போன்களின் ஓம் அளவு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால் ஒலியின் சமநிலையையும் மாற்றிவிடும். ஹெட்போனுக்கு முன்னால் இருக்கும் தடை, ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது என்பது நடைமுறைக் கணக்கு. 100, 10 ஜோடியில் அது சுமார் 9 ஓம். 32 ஓமுக்குக் கணக்குப்படி 4 ஓம்தான் இருக்க வேண்டும். அந்த அளவுக்குக் கறாராக இருக்க நினைப்பவர்கள் 47 ஓமும் 4.7 ஓமும் வைக்கலாம். 47 ஓம் மட்டும் 5 வாட் வகையாக இருக்கட்டும், சூடாகும். எனக்கு 9 ஓமில் குறை எதுவும் கேட்டதில்லை.

உயர்ந்த ஒலிகள் ஊசியாகக் குத்தினால், கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு ஃபில்டர் 4 முதல் 8 ஓம் வரையிலான சுமையை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்பது காரணமாக இருக்கலாம். ஸ்பீக்கர் இருந்த முனைகளில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே மாட்டிக் கேட்டுப் பாருங்கள்.

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை

ஹெட்போன் ஜாக் உள்ளேயே வரும் ஆம்ப்ளிஃபயர்களில் இது வயதான கோளாறு. பிளக்கைச் செருகும்போது ஜாக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடு விலகி ஸ்பீக்கரைத் துண்டிக்கும். கழற்றினால் தகடு திரும்பி வந்து ஒட்ட வேண்டும். தகட்டில் அழுக்கோ கறையோ படிந்தால் ஒட்டினாலும் மின்சாரம் பாயாது. சில சமயம் ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையாகும், அல்லது மேசையைத் தட்டினால் உயிர் வரும்.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகிச் செருகி எடுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் பிளக்கின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவி அதையே திரும்பச் செய்து, நன்றாக உலரவிட்டு ஆன் செய்யுங்கள். ஜாக்குக்குள் குண்டூசியை விட்டுத் தகட்டை நெம்ப வேண்டாம், அது ஒடிந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டியிருக்கும். புதிய ஜாக் வாங்கும்போது பழையதன் கால்களை எண்ணிக்கொண்டு, அதே எண்ணிக்கையும் அதே இடைவெளியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று கால் ஜாக்கில் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் தகடு இருக்காது.